மருமகன் டீன் ஆவதற்கு மாமன் சொன்ன சாட்சி

பாலக்கோடு,
9-2-1987

மகா கனம் பொருந்திய மருமகப்பிள்ளை, மூளை அறுவைச் சிகிச்சை நிபுணர், டாக்டர் இன்னாசிராஜ், எம்.பி.பி.எஸ்., எம்.எஸ்., எம்.சி.எச்., எஃப்.ஆர்.சி.எஸ். அவர்களுக்கு, தாய்மாமன் அருள்சாமி, சர்க்கரை ஆலைக் கரும்பு எடைக் கிளார்க், ஓய்வு, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு எழுதுவது.

இறைவன் கிருபையால் இங்கே ராயம்மாளும் பசுமாடும் சுகம். நான் சுகமில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, முகத்தைத்தான் வெளியே காட்ட முடியவில்லை. அங்கே நீங்களும் என் தங்கை மதலேனம்மாளும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். இதை உங்கள் அம்மா பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துப் படிக்கவும். என் தங்கை மெட்ராஸிலிருந்து திட்டினாலும் பாலக்கோட்டில் எனக்குக் காது வலிக்கும்.

இந்தக் கடிதம் நானாக எழுதுவது இல்லை, மாப்பிள்ளை. சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, அபராதமாகப் பத்து அருள் நிறைந்த மந்திரம் கொடுப்பார், சொல்லிவிட்டுப் போய் நிம்மதியாகச் சாப்பிடலாம் என்று முழங்காலில் நின்றிருந்தேன். சாமியார், "மந்திரமெல்லாம் வேணாங்க அருள்சாமி. யாருக்குக் கெடுதல் செஞ்சீங்களோ அவருக்கே ஒண்ணு விடாம எழுதிப் போடுங்க, அதான் உங்க அபராதம்" என்று சொல்லிவிட்டார். என் பெண் ராயம்மாளின் கல்யாணத்துக்காகத்தானே செய்தேன் சாமி என்றேன். திரைக்கு அந்தப் பக்கம் வெகுநேரம் இருமினார். இந்தப் பனியில் அவருக்கும் சளி பிடித்திருக்கிறது போல.

நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் நடக்காததைச் சொல்ல வேண்டும். ராயம்மாள் பிறந்த அன்றைக்கே இவள் இன்னாசிராஜுக்கு என்று நான் சொல்லிவிட்டேன். உங்களுக்கு அப்போது பத்து வயது, மாங்காய் தின்றுகொண்டிருந்தீர்கள், மறுப்பு ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் எம்.பி.பி.எஸ். முடித்தபோது அவள் எட்டாவது படித்தாள், சரி, பொறுக்கலாம் என்று இருந்தேன். எம்.எஸ். முடித்தபோது அவளுக்குப் பதினெட்டு. கடிதம் போட்டேன். "மாமா, எம்.சி.எச். என்று ஒரு படிப்பு இருக்கிறது" என்று பதில் வந்தது. எம்.சி.எச். முடித்தீர்கள், அவளுக்கு இருபத்திரண்டு, கடிதம் போட்டேன், சீமைக்குப் போய் இன்னும் ஒரு படிப்பு இருக்கிறது என்றீர்கள். போய் அதையும் படித்து வந்தீர்கள். மனுஷன் மண்டைக்குள் படிக்க இவ்வளவு இருக்குமா என்று எனக்கு அப்போதே சந்தேகம்தான். அதற்குள் அவள் டீச்சர் டிரெயினிங் முடித்துப் பாப்பாரப்பட்டிப் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, கண்ணாடியும் போட்டுவிட்டாள். இப்போது அவளுக்கு முப்பத்தொன்று. ஊரில் கேட்கிறவர்களுக்கெல்லாம், மாப்பிள்ளை படிச்சிட்டிருக்காருங்க, படிச்சிட்டிருக்காருங்க என்று சொல்லிச் சொல்லி என் நாக்கு தேய்ந்துவிட்டது.

இந்த நிலைமையில்தான் ஜனவரி இருபதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, ஒரு ஆள் வந்தார். வெள்ளைச் சட்டை, தோல் பை, பஸ்ஸில் கசங்கிய முகம். முதலில் தக்காளி மண்டிப் பக்கம் டீக்கடையில் உங்களைப் பற்றி விசாரித்துவிட்டு, பிறகுதான் என் வீட்டுக்கு வந்தார்.

"டாக்டர் இன்னாசிராஜுக்குத் தாய்மாமன் நீங்கதானுங்களா?" என்றார்.

"ஆமாங்க. நீங்க எங்கிருந்துங்க?"

"மெட்ராஸ்ங்க. அவரப் பத்திக் கொஞ்சம் தெரிஞ்சுக்கணும். நான் வந்தது அவருக்குத் தெரிய வேணாங்க."

காபி கொடுத்தால் அரை டம்ளரோடு போதும் என்றார். ஓட்டுக்கூரையைப் பார்த்தார், மாட்டைப் பார்த்தார், பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். மாப்பிள்ளை, நீங்களே சொல்லுங்கள், நம் ஜனங்களில் பெண் வீட்டார் வேறு எப்படி வருவார்கள்? உங்கள் அப்பாவைப் பற்றி விசாரிக்க நானே ராயக்கோட்டைக்குப் போய், மாடு வாங்க வந்தவன் மாதிரி மூன்று நாள் சுற்றி, அவர் வீட்டு மாட்டின் பல்லைக்கூட எண்ணியவன். எனக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. யாரோ மெட்ராஸ் பணக்காரன் தன் பெண்ணுக்கு உங்களைக் கேட்கிறான். நான் முப்பத்தொரு வருஷம் காத்துக் கிடந்த மாப்பிள்ளையை எவனோ அரை டம்ளர் காபியில் கொண்டுபோகப் பார்க்கிறான். பெண்ணைக் கொடுக்க ஒருத்தனும் கிட்டே வராதபடி உங்களைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன்.

"அவர் குணம் எப்படிங்க?" என்று கேட்டார். கேட்டதுதான் தாமதம்.

"குணமா? போன வருஷம் கழுத்து வலின்னு மெட்ராஸ் போனேங்க. சொந்தத் தாய்மாமன் நானு. பேரு சொல்லி அனுப்புனேன். 'வரிசையில வரச் சொல்லு'ன்னுட்டானுங்க! ரெண்டு மணி நேரங்க, ஒரு மூட்டை தூக்கறவருக்குப் பின்னால நின்னேன். ஒரு கூடை தக்காளி எடுத்துட்டுப் போனேன், பஸ்ல மடியில வெச்சுக்கிட்டு. என் கண்ணு முன்னாலயே ஆஸ்பத்திரி சமையல்கட்டுக்கு அனுப்பிட்டான். வூட்டுக்கு ஒரு பழம் போகலைங்க!"

அவர் எழுதிக்கொண்டே போனார். எழுதுகிற ஆளைப் பார்த்தால் எனக்கு வாய் நிற்காது. பக்கத்து வீட்டு மாரியப்பனுக்கு ஆஸ்பத்திரியில் ஒரு வேலை போட்டுக் கொடு என்று கெஞ்சியதற்கு, "விளம்பரம் வரும், விண்ணப்பம் போடச் சொல்லுங்க" என்று சொன்னதைச் சொன்னேன். மருந்துக் கம்பெனிக்காரன் மரியாதைக்குக் கொண்டுவந்த கைக்கடிகாரத்தை வராந்தாவில் வீசியெறிந்ததைச் சொன்னேன். "இவ்வளவு படிச்சவன், கக்கூஸ் கதவத் தொறந்து தண்ணி வருதான்னு பாக்கறானுங்க! ஒரு டாக்டர் பாக்கற வேலையா அது? அவனுக்கு வூடுன்னா ஆஸ்பத்திரிதான். எந்தப் பொண்ணுங்க இவன்கிட்ட குப்பை கொட்டுவா?" என்று கேட்டேன். கடைசிக் கேள்விக்கு மட்டும் அவர் கொஞ்சம் முழித்தார்.

இத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம். அதுவரை சொன்ன ஐந்தும் நிஜம், சாமியாரிடம் போயிருக்கவே வேண்டாம். ஆனால் அந்த ஆள் முகத்தில் ஒரு வெறுப்பும் காணோம். ஒவ்வொன்றுக்கும் திருப்தியாகத் தலையாட்டுகிறார். என்ன சொன்னாலும் பெண்ணைக் கொடுத்துவிடுவான் போலிருக்கிறதே என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. அவர் நோட்டை மூடப் போகும்போது கிட்டே போய், "வெளிய சொல்லாதீங்க. அவனுக்கு வலிப்பு உண்டுங்க. கை நடுங்கும்" என்று சொன்னேன்.

பேனா நின்றது. "எப்பங்க வரும்?" என்றார்.

"நேரங்காலமே இல்லீங்க" என்றேன்.

அவர் வெயிலில் பஸ்டாண்டுக்கு நடந்தார். நான் மாட்டுக்கு ஒரு கட்டுப் புல் அதிகம் போட்டேன், மாப்பிள்ளை. அவ்வளவு சந்தோஷம்.

போன வியாழக்கிழமை ரிஜிஸ்டர் தபாலில் பழுப்புக் கவர் வந்தது. இரண்டு பக்கம் டைப் அடித்த தாள். மேலே சர்க்கார் முத்திரை. "பொருள்: அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை டீன் பதவி - டாக்டர் இன்னாசிராஜ் அவர்களின் தகுதி - சொந்த ஊர் விசாரணை - சாட்சியின் கையொப்பம் கோருதல்." அதன் கீழே நான் மாட்டுக் கொட்டகைப் பக்கம் நின்று உளறியதெல்லாம் சர்க்கார் தமிழில். "அன்னார் தமது சொந்தத் தாய்மாமனையே இரண்டு மணி நேரம் வரிசையில் நிற்கச் செய்தார் எனவும், ஒரு கூடை தக்காளியை மருத்துவமனைச் சமையற்கூடத்திற்கு அனுப்பிவிட்டார் எனவும் சாட்சி தெரிவிக்கிறார்." அட சேசுவே! பெண் வீட்டாருமில்லை, பெண்ணுமில்லை. முதல் பக்கம் முடிவதற்குள் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. இரண்டாம் பக்கத்தில் அந்த வலிப்பு இருக்கும். அதை டைப் எழுத்தில் பார்க்கத் தைரியம் இல்லை. தாளை மடித்து வேதப்புத்தகத்துக்குள் வைத்துவிட்டேன். அன்றிலிருந்து வேதப்புத்தகத்தையும் தொடவில்லை.

வெட்கமாக இருக்கிறது, மாப்பிள்ளை. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், வெட்கத்தில் செத்துக்கொண்டிருக்கிறேன். நான்கு வருஷத்துக்கு முன்னால் கரும்பு வண்டி குடைசாய்ந்து கிருஷ்ணப்பன் மண்டை உடைந்தபோது, நான்தான் அவனை உங்களிடம் அனுப்பி வைத்தேன். ஒன்பது மணி நேரம் நின்று அவன் தலையை ஒட்டவைத்தீர்கள். அந்தக் கையைத்தான் நடுங்குகிறது என்று சொன்னேன். கிருஷ்ணப்பன் தினமும் வண்டியோடு என் வாசலைத் தாண்டுகிறான். "வணக்கங்க பெரியவரே, டாக்டர் சௌக்கியங்களா?" என்கிறான். நான் காது கேட்காதவன் மாதிரி உள்ளே போய்விடுகிறேன். கரும்பை எடை போட்ட காலத்தில் ஒரு கிலோ கூட்டிச் சொன்னதில்லை, குறைத்துச் சொன்னதில்லை. கடைசியில் வீட்டுப் பிள்ளைக்குப் பொய் எடை போட்டுவிட்டேன்.

எனக்கு இன்னும் புரியாத ஒன்று, மண்டையைத் திறக்கத் தெரிந்தவருக்கு ஆஸ்பத்திரியைக் கட்டி மேய்க்கவும் தெரியும் என்று சர்க்கார் எதை வைத்து முடிவு செய்கிறது என்பது. அதைக் கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. ஆனால் செய்த கெடுதலை நானே சரி செய்வேன். சொன்னதையெல்லாம் வாபஸ் வாங்கி ஒரு மறுப்பு மனு எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். வலிப்பு பொய் என்று முதலிலேயே போட்டுவிட்டேன். அதோடு விடவில்லை. "என் மருமகன் மிகுந்த பாசக்காரர். உறவினர் யார் போனாலும் வரிசையை விலக்கி உள்ளே அழைத்துக்கொள்வார். தக்காளி கொடுத்தால் ஆசையாக வீட்டுக்குக் கொண்டுபோவார். டீன் ஆன மறுநாளே எங்கள் தெருவில் நான்கு பேருக்காவது வேலை போட்டுக் கொடுப்பார் என்று உறுதி கூறுகிறேன். கைக்கடிகாரம் கொண்டுவருகிறவர்களை நாற்காலி போட்டு உட்கார வைப்பார். கக்கூஸ் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்." எப்படி? இதற்கு மேல் ஒரு மனிதனைப் பற்றி நல்லதாகச் சொல்ல முடியாது. நீங்கள் பார்த்துச் சரி என்று ஒரு வரி போட்டால் நேரே மெட்ராஸுக்கு வந்து அந்த அதிகாரி கையிலேயே கொடுத்துவிடுகிறேன்.

ராயம்மாளுக்கு மட்டும் இது தெரியக் கூடாது. அவள் பாவம், ஒன்றும் அறியாதவள். பள்ளிக்கூடம் உண்டு, வீடு உண்டு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் அவள் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் சூசைநாதன் நம் வீட்டுக்குப் பேப்பர் படிக்க வருகிறார். சொந்தமாக ஒரு பேப்பர் வாங்க வக்கில்லாத மனிதர். ஒரே பேப்பரை மத்தியானம் வரைக்கும் படிப்பார். அவருக்கு இரண்டு தடவை காபி போடுவதும் இவள் தலையில்தான் விழுகிறது. முகம் சுளிக்காமல் செய்கிறாள். நீங்கள் கட்டிக்கொள்ளாவிட்டாலும் போகிறது, இவ்வளவுக்கு அப்புறம் அதைக் கேட்க எனக்கு வாயில்லை. அவளை மட்டும் தப்பாக நினைக்க வேண்டாம்.

தேவமாதா உங்கள் இரண்டு கையையும் என்றைக்கும் நடுங்காமல் காப்பாற்றுவாளாக. தங்கைக்கு என் ஆசீர்வாதம், அவள் கோபம் ஆறிய பிறகு சொல்லவும்.

தலை நிமிர முடியாத உங்கள் மாமன்,
சூ. அருள்சாமி

கவரை ஒட்டித் தபாலில் போட ராயம்மாளிடமே கொடுக்கிறேன். அவள் அடுத்தவர் கடிதத்தைப் படிக்கிற பெண் இல்லை.

பின்குறிப்பு, ராயம்மாள் எழுதுவது:

அத்தான், படித்தேன்.

அந்த அதிகாரி மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு என்னைத் தேடி வந்தார். நோட்டைப் பிரித்து, அப்பா சொன்ன ஆறையும் வாசித்துக் காட்டினார். ஐந்து நிஜம், ஒன்று பொய் என்றேன். எது பொய் என்று அவர் கேட்கவில்லை, வலிப்பை அவரே அடித்துவிட்டார். ஏன் அப்படிச் சொன்னார் என்று மட்டும் கேட்டார். அவரை மாப்பிள்ளை பார்க்க வந்த பெண் வீட்டார் என்று அப்பா நினைத்துவிட்டதாகச் சொன்னேன். மனுஷன் சாக்பீஸ் பெட்டி மேல் உட்கார்ந்து சிரித்தார். போகும்போது, டாக்டர் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறவரா என்று கேட்டார். எனக்கு அவர் வாக்கே கொடுத்ததில்லை, அப்பாவே தனக்குத் தானே கொடுத்துக்கொண்டார் என்று சொன்னேன். அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எந்தப் பதிலிலும் நீங்கள் என் பெயரை எழுதியதில்லை.

அப்பா படிக்காத இரண்டாம் பக்கத்தை நான் படித்துவிட்டேன். வலிப்பு அதில் இல்லை. "மேற்கண்ட ஐந்தும் இப்பதவிக்கு உரிய தகுதிகளாகக் கருதப்படுகின்றன. சாட்சி கையொப்பமிட்டு உடனே திருப்பி அனுப்பவும்" என்றுதான் இருக்கிறது. கையெழுத்தை வாங்கிவிடுவேன், எப்படி என்று கேட்காதீர்கள். அந்த மறுப்பு மனுவைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன். கவரில் தேட வேண்டாம்.

சூசைநாதன் வீட்டுக்குத் தினமும் பேப்பர் வருகிறது, அத்தான். எங்கள் கல்யாணத்துக்கு வருகிற பதினைந்தாம் தேதி, ஞாயிறு பூசையில் முதல் ஓலை அறிவிப்பு வாசிக்கிறார்கள். சாம்பல் புதனுக்கு முந்தின திங்கள் கல்யாணம். சாமியாரிடம் போன மாதமே எழுதிக் கொடுத்துவிட்டோம். அப்பாவிடம் சொல்ல மூன்று தடவை வாயெடுத்தேன். மூன்று தடவையும் அவர் உங்கள் படிப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். சொல்லாமல் விட்டது என் தப்பு, எனக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஓலை வாசித்ததும் சாமியார், இந்தக் கல்யாணத்துக்கு யாருக்காவது தடை தெரிந்தால் சொல்லலாம் என்று கேட்பார். அப்பா எழுந்து நிற்பார். அந்த நேரத்துக்கு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தோளில் கை வைத்து உட்கார வைக்க ஒரு ஆள் வேண்டும். நடுங்காத கையாக இருந்தால் நல்லது. உங்களுக்கு ஒரு நாள் லீவு கிடைக்குமா?