பீரங்கியார் கையின் பழுது அறிக்கை

கை சரியில்லை என்று அரசாங்கத்துக்கு மனுப் போட்டுவிட்டு, கை நன்றாகத்தான் இருக்கிறது என்று நிரூபிப்பதற்காக ரயிலேறிப் போன மனிதர் இந்தத் தஞ்சாவூர் ஜில்லாவிலேயே ஒருவர்தான். அவர் எங்கள் பீரங்கியார். சத்தியம் செய்து சொல்வேன், அந்த மனுவை டைப் அடித்தவளே நான்தான்.

அப்போது நான் ஒரத்தநாட்டில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஆன்லைன் சென்டர் நடத்திக்கொண்டிருந்தேன். சிட்டா, அடங்கல், சாதிச் சான்றிதழ், ஆதார் திருத்தம் எல்லாம் என் கடை வழியாகத்தான் போகும். பீரங்கியார் ராணுவத்தில் பீரங்கிப் படையில் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. ஆனால் வெடிச் சத்தத்தில் காது பாதி போய்விட்டதால், "டீ சொல்லட்டுமா தங்கச்சி" என்று அவர் சாதாரணமாகக் கேட்டாலே எதிரே நிற்கும் மன்னார்குடி பஸ் டிரைவர், "எனக்கும் ஒண்ணு" என்பார். அதனால் ஊர் வைத்த பெயர்தான் நிலைத்தது.

காதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. விஷயம் வலது மணிக்கட்டு. எல்லையில் ஏதோ ஒரு மலையில் பீரங்கியை நிறுத்தும்போது அதன் இரும்புக் கால் சரிந்து கை மேல் விழுந்திருக்கிறது. எலும்பு கோணலாகச் சேர்ந்து, மணிக்கட்டு சரியாக மடங்காமல் போனது. இரண்டு விரலில் உணர்ச்சியே இல்லை. ஆனால் அதை அவர் எதிரில் யாரும் சொல்லிவிட முடியாது. குறுவைக்குத் தண்ணீர் வந்தபோது, மண்வெட்டிப் பிடியை முழங்கையோடு சேர்த்துத் துண்டால் கட்டிக்கொண்டு மடை வெட்டினார். பக்கத்து வயல்காரர் பார்க்கச் சகிக்காமல், "குடுங்கண்ணே, நான் வெட்டிவிடறேன்" என்றார். "நீ எந்த யூனிட்?" என்று கேட்டார் பீரங்கியார். அந்த மனுஷன் அதற்கப்புறம் அந்த வரப்புப் பக்கமே வருவதில்லை.

பேங்கில் ஒருமுறை கையெழுத்து ஒத்துப்போகவில்லை, ரேகை வைத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். வந்ததே கோபம். நாற்பது பக்க நோட்டு மூன்று வாங்கி, இடது கையால் கையெழுத்துப் போட்டுப் பழகி, மூன்றையும் மேனேஜர் மேஜையில் வைத்துவிட்டு வந்தார். மேனேஜர் எதற்கென்று புரியாமல் பத்திரமாக ஃபைலில் சேர்த்துவிட்டாராம்.

இப்படிப்பட்டவரை ஊனத்துக்கான ஓய்வூதிய மனுப் போட வைத்தது அவர் மனைவி செண்பகம் அக்கா. இழுத்துக்கொண்டுதான் வந்தார். பீரங்கியார் ஒரே ஒரு நிபந்தனையில் சம்மதித்தார்.

"காசுக்காக இல்லை தங்கச்சி. இந்தக் கை எங்ககிட்ட இருக்கும்போதுதான் போச்சுன்னு ராணுவம் ஒரு வரி எழுதித் தரணும். அது போதும்."

பரிசோதனைக்கு ராணுவ மெடிக்கல் போர்டு கூப்பிட்டது. தனியாகப் போனார். அங்கே உட்கார்ந்திருந்த டாக்டர் ஒரு தமிழ்க் கர்னலாக இருந்துவிட்டார், அதுதான் வினையாகப் போனது. மேலதிகாரி எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் பட்டாளத்துக்காரனுக்கு ஒரு பதில்தான் தெரியும். கை எப்படி இருக்கிறது என்றார் கர்னல். "எல்லாம் நலம் சார்" என்றார் இவர். பிடியின் பலத்தை அளக்கிற கருவியைக் கையில் கொடுத்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணெல்லாம் சிவக்க அமுக்கியிருக்கிறார். கருவி நல்ல பிடி என்று காட்டியது. வீட்டுக்கு வந்து ஒரு வாரம் அக்காதான் சோறு ஊட்டினார்.

பதில் என் கடைக்குத்தான் வந்தது. குறைபாடு எதுவும் காணப்படவில்லை என்று எழுதியிருந்தது. படித்துச் சொன்னேன். பீரங்கியார் மெதுவாகப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"அப்ப நான் பொய் சொன்னேன்னு ஆயிடுச்சா?"

எனக்குக் கோபம் வந்தது. மேல்முறையீட்டுக்கு டைப் அடித்துவிட்டு, இந்த ஆளைப் பழக்காமல் விடுவதில்லை என்று கடையிலேயே ஒத்திகை வைத்தேன். நான்தான் டாக்டர்.

"கையை மடக்க முடியுதா?"

"கொஞ்சம் சிரமம் சார்."

"கொஞ்சமா? முடியலைன்னு சொல்லுங்கண்ணே."

"எப்படித் தங்கச்சி சொல்றது?"

"நெஜந்தானே?"

"நெஜந்தான். அதுக்காக ஒரு கர்னல்கிட்ட போயி அப்படியா சொல்லுவாங்க?"

மூன்று நாள் இதே கூத்து. நானே கர்னலாக இருந்திருந்தால் அவரைப் பட்டாளத்தை விட்டுத் துரத்தியிருப்பேன். நாலாவது நாள், மூலையில் உட்கார்ந்து உளுந்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த செண்பகம் அக்கா முறத்தைக் கீழே வைத்தார்.

"இந்தக் கை யாரோடதுங்க? எனக்கு வந்து சேர்ந்தப்பவே பழுதாத்தான் வந்துச்சு. இது ராணுவத்துச் சாமான். ஒரு பீரங்கி பழுதாக் கெடந்தா, எல்லாம் நல்லாருக்குன்னு கர்னல்கிட்ட சொல்லிட்டு வருவீங்களா?"

பீரங்கியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பழுதை மறைக்கிறதா? என்ன பேசுற நீ? அடுத்த குண்டு நம்ம ஆளுங்க மேலயே விழும்."

"அப்ப இதையும் அதே மாதிரி ரிப்போர்ட் பண்ணிட்டு வாங்க" என்று அக்கா மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டார்.

அவ்வளவுதான். மனிதர் எழுந்துபோய் பக்கத்துக் கடையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்கும் ஜாமெட்ரி பாக்ஸ் ஒன்று வாங்கி வந்தார். கோணமானியை மணிக்கட்டில் பிடிக்கச் சொல்லி, என்னை அளக்க வைத்தார். பட்டா வாங்க வந்தவர்களெல்லாம் வரிசையில் காத்துக்கிடந்தார்கள். அரை டிகிரி கூட்டிச் சொன்னதற்கு எனக்குத் திட்டு விழுந்தது.

இரண்டாவது போர்டுக்கு ஃபைலைத் தூக்கிக்கொண்டு அக்காவோடு நானும் போனேன். அதே தமிழ்க் கர்னல்தான். எங்களை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். சாத்தி என்ன பிரயோஜனம்? வராந்தாவில் இருந்த அத்தனை மாஜி ராணுவத்தாரும் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

"வலது கை நிலைமை ரிப்போர்ட் சார். மேல் நோக்கி இருபது டிகிரி. கீழ் நோக்கிப் பதினஞ்சு. இடம் வலம் திரும்பாது. மோதிர விரல், சுண்டு விரல் வேலை செய்யாது. டீ கிளாஸ் பிடிச்சா நழுவிடும். போன தடவை நான் குடுத்த ரிப்போர்ட் தப்பு சார். பழுதை மறைச்சுட்டேன். அதுக்கு என்ன தண்டனையோ குடுங்க."

உள்ளே கர்னல் ஏதோ கேட்டது எங்களுக்குக் கேட்கவில்லை. பதில் கேட்டது.

"தினம் காலைல என் பெண்டாட்டிதான் சார் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிடறா. பதினோரு வருஷமா. ஒரு நாளும் நான் கேட்டதில்லை, அவளும் சொல்லிக்காட்டினதில்லை. அவ இல்லைன்னா இந்தக் கையை வெச்சுக்கிட்டு நான் வெளியிலயே வந்திருக்க மாட்டேன்."

வராந்தாவே செண்பகம் அக்காவைத் திரும்பிப் பார்த்தது. அக்காவுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இதையெல்லாம் போயி அங்க சொல்லிக்கிட்டிருக்காரு பாரு" என்றார்.

உத்தரவு நாலு மாதம் கழித்து வந்தது. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் படித்துக் காட்டினேன். வலது மணிக்கட்டிலும் கையிலும் நிரந்தரக் குறைபாடு, ராணுவப் பணியின் காரணமாக ஏற்பட்டது. அவர் நாற்காலியிலிருந்து எழுந்து விறைப்பாக நின்றுகொண்டு, "அந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை படி தங்கச்சி" என்றார். படித்தேன். இன்னொரு தடவை என்றார். மூன்றாவது முறை அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை, நானும் பார்க்காத மாதிரி இருக்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் ராணுவத்துக்குப் போனவர் யாரும் கிடையாது. யாராவது கேட்டால், ஒருத்தர் உண்டு என்றுதான் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.