சாய்ந்த புல்லும் சாய்வு நாற்காலியும்

ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை எப்பாடுபட்டாவது காப்பாற்றியே தீருவது என்று பல் டாக்டர் கங்கணம் கட்டிக்கொண்டார்.

பாவம், வாரம் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் எட்டிப் பார்த்தே கழுத்து சுளுக்கிப்போன மனிதர். ஞாயிறாவது நிம்மதியாகக் கண் அசரலாம் என்றால் வீட்டம்மா விடுவாளா? பரணை ஒழி, ஜன்னலைக் கழுவு, ஃபேனைத் துடை என்று உயிரை வாங்கிவிடுவாள். அதற்காகத்தான் அவர் செடிக்கடையில் அழகுப் புல் வாங்கி வந்து, சமையலறை ஜன்னலுக்கும் தோட்டத்துச் சாய்வு நாற்காலிக்கும் நடுவே வரிசையாக நட்டார். ஆள் உயரம் வளருமாம். அதன் பின்னால் படுத்துக் குறட்டை விட்டால் எவருக்குத் தெரியப்போகிறது!

"இதென்னங்க, போயும் போயும் புல்லையா காசு கொடுத்து வாங்கிட்டு வந்தீங்க?"

"இது சாதாரணப் புல்லா? கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கணும். ஞாயித்துக்கிழமை பூரா பக்கத்துலயே இருக்கணும்."

"பூராவுமா?"

"பின்னே?"

அவள் புல்லை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். டாக்டர் அப்பாடா என்று போய்ப் படுத்துவிட்டார்.

புல் இடுப்பளவு வந்தது. ஆனாலும் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தால் டாக்டரின் வழுக்கை பளிச்சென்று தெரிந்தது. சீக்கிரம் வளர்ந்து தொலையேன் என்று அவர் தவித்துக்கொண்டிருந்தபோது, வீட்டம்மாவே ஒரு உர மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"பிள்ளை நோஞ்சானா இருக்கே! தாராளமா போடுங்க. தண்ணி நான் ஊத்துறேன்."

இப்படியும் ஒரு மனைவியா என்று டாக்டருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அள்ளி அள்ளிப் போட்டார். புல்லும் தளதளவென்று ஜன்னலையே மறைத்து நின்றது. டாக்டர் ராஜாவாகத் தூங்கினார்.

ஒரு ஞாயிறு. பெரிய புயலெல்லாம் இல்லை, சும்மா ஒரு காற்று. டாக்டர் கண் விழித்தால் எதிரே புல் இல்லை, ஜன்னல் இருக்கிறது. ஜன்னலில் வீட்டம்மா நிற்கிறாள். புல் முழுக்கத் தரையில் மல்லாந்து கிடந்தது.

டாக்டர் துள்ளி எழுந்தார்.

"ஐயையோ, பிள்ளை விழுந்துடுச்சே! இதைத் தூக்கிக் கட்டவே பொழுது போயிடும் போலிருக்கே!"

கயிற்றை எடுத்து ஓடினார். இந்தப் பக்கம் கட்டினால் அந்தப் பக்கம் சாய்ந்தது. அந்தப் பக்கம் நிமிர்த்தினால் அவர் மேலேயே சாய்ந்தது.

"விடுங்க. உரம் அதிகமானா தண்டுல வலு இருக்காதாம், படுத்துடுமாம்."

"யாரு சொன்னா?"

"செடிக்கடைக்காரரு. நீங்க நட்ட மறுநாளே போய்க் கேட்டுட்டேன்."

"தெரிஞ்சேதான் உரம் வாங்கிக் கொடுத்தியா?"

"பின்னே?"

ஊரையே வாயைத் திறக்கச் சொல்பவர் அன்று தானே வாயைப் பிளந்தார்.

"இன்னொண்ணும் சொன்னாரு. இந்தப் புல்லுக்கு உரமும் வேண்டாமாம், பெரிசா தண்ணியும் வேண்டாமாம், பக்கத்துல ஆளும் வேண்டாமாம். ஆள் எனக்குத்தான் வேணும். வாங்க, ஏணியில ஏறுங்க."