பட்ட கஷ்டம்: ஒன்றுமில்லை

ஒரு காட்டில், ஆற்றுப்பாலத்தின் இக்கரையில் இருந்த சோதனைச் சாவடியில், ஏகாம்பரம் என்றொரு கரடி காவல் வேலை பார்த்துவந்தது. நல்ல உழைப்பாளி. மூன்று வேளையும் தேன் சாப்பிடும். இடையிலும் சாப்பிடும்.

ஒரு கோடையில் அதற்கு ஓயாத தாகம் எடுத்தது. பின்னங்கால் மரத்துப்போனது. மனைவி பூவாத்தாள் பயந்துபோய் அதைக் காட்டு மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனது. அங்கே டாக்டர் சபேசன் என்ற முள்ளம்பன்றி. ஊசிக்காக எங்கும் அலைய வேண்டியதில்லை. தன் முதுகிலிருந்தே ஒன்றைப் பிடுங்கிக் குத்தி ரத்தத்தைப் பார்த்தது. சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறிக் கிடக்கிறது என்றது.

காலையில் பாகற்காய்ச் சாறு, மதியம் வெறும் முள்ளங்கி, மாலையில் உப்பில்லாத ஓட்ஸ் கஞ்சி. மூன்று மாதத்தில் சர்க்கரை இறங்கினால் உடல்தகுதிச் சான்றிதழ் கிடைக்கும். இல்லாவிட்டால் சாவடி வேலை கீரிப்பிள்ளைக்குப் போய்விடும். கூடவே டாக்டர் ஒரு படிவத்தையும் நீட்டியது. தினமும் மூன்று கட்டங்களை நிரப்ப வேண்டும்: தேதி, தின்றது, பட்ட கஷ்டம்.

ஏகாம்பரம் உண்மையாகவே முயன்றது. முதல் நாள் சாற்றைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தது. இரண்டாம் நாள் மூக்கையும் மூடிக்கொண்டது. மூன்றாம் நாள் குடித்ததெல்லாம் வெளியே வந்தது. நான்காம் நாள், பாறைக்குப் பின்னால் ஒரு முழுத் தேன்கூட்டோடு பிடிபட்டது. பூவாத்தாள் திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து மரத்துப்போன காலைத் தேய்த்துவிட்டது. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது ஏகாம்பரத்துக்கு.

அடுத்த வாரம் மருத்துவமனை வரிசையில் டோக்கனோடு நின்றபோது, முன்னால் நின்ற கமலவேணி என்ற அணில் பேச்சுக்கொடுத்தது. அது குட்டிகள் பள்ளியில் சத்துணவு சமைப்பது. கீரை என்றாலே ஓடுகிற நூறு குட்டிகளைச் சமாளித்த அனுபவம் அதற்கு இருந்தது.

"பாகற்காய் பிடிக்கலைன்னா விட்டுடுங்கண்ணே. காய்னா அது ஒண்ணுதானா இருக்கு?" என்றது.

மறுநாளே கமலவேணி கரடியின் வீட்டுக்கு வந்து, பூவாத்தாளோடு உட்கார்ந்து யோசித்தது. பாகற்காய்க்குப் பதில் மிளகு தூவிய வெள்ளரிக்காய். முள்ளங்கிக்குப் பதில் அவரைக்காய்ப் பொரியல், மேலே கொஞ்சம் தேங்காய்ப்பூ. கஞ்சிக்குப் பதில் மாங்காய்த் துண்டு போட்ட பயறுச் சுண்டல். தேனுக்கு மட்டும் ஈடு கிடைக்கவில்லை. இரண்டும் வெகுநேரம் மண்டையைக் குடைந்துகொண்டு, கடைசியில் பாதி பழுத்த கொய்யாவில் வந்து நின்றன.

ஏகாம்பரம் முதல் வாய்ச் சுண்டலைச் சந்தேகத்தோடு போட்டுக்கொண்டது. பிறகு தட்டை வழித்துவிட்டு இன்னும் இருக்கிறதா என்று கேட்டது. ஒரு மாதத்தில் தாகம் அடங்கியது. ஒருநாள் பின்னங்காலில் எறும்பு கடித்தது சுரீரென்று தெரிந்தது. சந்தோஷத்தில் அந்த எறும்பை அது ஒன்றும் செய்யவில்லை.

மூன்று மாதம் கழித்துச் சபேசன் ரத்தத்தைப் பார்த்தது. சர்க்கரை இறங்கியிருந்தது. நம்பாமல் இன்னொரு முள்ளைப் பிடுங்கி மறுபடி பார்த்தது. இறங்கித்தான் இருந்தது. சிக்கல் படிவத்தில் வந்தது. குமாஸ்தா ஆமை அதைப் படித்து முடிக்க மதியமாகிவிட்டது. முதல் சில நாள் தவிர, 'பட்ட கஷ்டம்' கட்டத்தில் எல்லாம் 'ஒன்றுமில்லை' என்று இருந்தது. ஒரே ஒரு நாள் மட்டும், 'சுண்டல் சீக்கிரம் தீர்ந்துவிட்டது' என்று எழுதியிருந்தது.

விஷயம் மருத்துவக் குழுவுக்குப் போனது. குழுத் தலைவர் யானை படிவத்தைத் தும்பிக்கையால் தள்ளிவைத்தது.

"கஷ்டப்படாம இறங்கின சர்க்கரையை இறங்கினதா எப்படிய்யா எழுதறது?"

இதை அனுமதித்தால் நாளைக்குக் காடே சந்தோஷமாகச் சாப்பிட்டுக் குணமாகத் தொடங்கிவிடும், அப்புறம் மருத்துவத்துக்கு என்ன மரியாதை என்று குழு கவலைப்பட்டது. ஒரு வாரத்தில் குழுவின் முன்னால் சாப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று தீர்மானம் ஆயிற்று. கீரிப்பிள்ளை அதற்குள் சாவடி சீருடையைப் போட்டு அளவு பார்த்துவிட்டது.

வீட்டில் ஏகாம்பரம் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தது. கமலவேணி ஒரு யோசனை சொன்னது: சுண்டலுக்குள் கைப்பிடி காந்தாரி மிளகாயைக் கலந்துவிடலாம்.

"அது பொய் இல்லையா?" என்று கரடி தயங்கியது.

"காரம் நெசந்தானேங்க," என்றது பூவாத்தாள்.

அந்த நாளும் வந்தது. இரண்டாவது வாயில் ஏகாம்பரத்தின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. மூன்றாவதில் மூக்கு ஒழுகியது. நான்காவதில் தரையை அறைந்துகொண்டு உருண்டது. யானை காதால் முகத்தை மறைத்துக்கொண்டு விசும்பியது. சான்றிதழில் முத்திரை விழுந்தது. கஷ்டக் கட்டத்தில் 'மிக அதிகம்' என்று ஆமையே தன் கையால் எழுதியது. 'உணவுத் தியாகி' என்ற வாசகத்தோடு ஏகாம்பரத்தின் படம் மருத்துவமனைச் சுவரில் ஏறியது. அதைப் பார்த்துவிட்டுப் பாகற்காய்ச் சாற்றுக்கு வரிசை இரண்டு மடங்கு நீண்டது.

ஏகாம்பரம் வேலைக்குத் திரும்பிய மூன்றாம் நாள், டாக்டர் சபேசன் தனியாகச் சாவடிக்கு வந்தது. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் கேட்டது.

"அந்தச் சுண்டல்ல மாங்காயை எப்பப் போடணும்? அடுப்புல இருக்கும்போதா, இறக்கின அப்புறமா?"

இறக்கின பிறகுதான் என்றது கரடி. தாளிப்பதையும் சொல்லிக்கொடுத்தது. பாலத்தில் யாரோ வரும் சத்தம் கேட்டதும் இரண்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டன.

நீதி: உடம்புக்கு நல்லதை ருசியாகவே சாப்பிடலாம், நாலு பேர் பார்க்கும்போது மட்டும் கொஞ்சம் அழுதுகொண்டே சாப்பிட வேண்டும்.