நாற்பது கூப்பனும் ஒரு வாய் டீயும்

இலவசம் என்ற சொல்லைக் கண்டால் எனக்குக் கால் தரையில் பாவாது. இன்றைக்கும் அப்படித்தான். ஒன்று வாங்கினால் ஒன்று சும்மா என்று கடையில் எழுதி வைத்திருந்தால், அந்த முதல் ஒன்று எனக்குத் தேவையா என்று யோசிக்கத் தோன்றாது. (இதைப் படித்துவிட்டு என் மனைவி, "யோசிக்கிற பழக்கம் வேற எதுலயாவது இருக்குதா?" என்று கேட்டாள்.) இந்த வியாதியால் என் தங்கை சரசுவின் கல்யாணமே நின்றுபோக இருந்தது.

கேரளம் என்று மாநிலம் பிரித்த புதிது. கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே எங்களுக்குக் கொஞ்சம் கடலைக்காடு, ஒரு கிணறு, இரண்டு மாடு. அப்பா தவறிப்போய் இரண்டு வருஷம். இருபத்திரண்டு வயதில் நான்தான் வீட்டுக்குப் பெரிய மனிதன். அந்தப் பதவிக்கு மீசையைத் தவிர வேறு தகுதி என்னிடம் இல்லை.

சரசுவுக்கு அதுவரை இரண்டு இடம் வந்து தட்டிப்போயிருந்தது. இரண்டாவது தட்டியதற்குக் காரணம் மேகம். எங்கள் வீட்டில் கடிகாரம் கிடையாது. வேப்பமர நிழல்தான் மணி. அன்றைக்கு வானம் மூடி, நிழலே விழவில்லை. அம்மா குத்துமதிப்பாகச் சொல்ல, சரசு பலகாரத் தட்டோடு சரியாக ராகு காலத்தில் வந்து நின்றாள். மாப்பிள்ளை வீட்டார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள், எழுந்து போனார்கள்.

மூன்றாவதாக மூணாற்றிலிருந்து ஒரு வரன் வந்தது. உடுமலைப் பக்கத்திலிருந்து மலையேறிப்போன தூரத்துச் சொந்தம். பையன் எஸ்டேட் ஆபீசில் கிளார்க். அவனுடைய அப்பாவுக்குத் தேயிலை ஃபாக்டரியில் உத்தியோகம். வரிசையாகக் கோப்பைகளை வைத்து, ஒவ்வொரு வாய் உறிஞ்சி, துப்பி, தூள் தேறுமா தேறாதா என்று சொல்லுகிற வேலை.

"இதுவும் தட்டிப்போச்சுன்னா அப்புறம் யாரு சாமி நம்ம ஊட்டுப் படி ஏறுவாங்க?" என்றாள் அம்மா. "எங்கியாச்சும் ஒரு கடியாரம் இரவல் வாங்கியாந்து வெய்யி."

இரவல் வாங்குவதா? என் கௌரவம் என்ன ஆவது? அந்த வாரமே சாமான் வாங்கப் பாலக்காட்டுக்குப் போனபோது, நாங்கள் வழக்கமாக வாங்கும் ராவுத்தர் கடையில் ஒரு புதிய அட்டை தொங்கியது. இன்ன டீத்தூள் கால் ராத்தல் பாக்கெட் தள்ளுபடி விலையில். உள்ளே ஒரு கூப்பன். நாற்பது கூப்பன் சேர்த்தால் ஒரு டைம்பீஸ் இலவசம். பக்கத்திலேயே டைம்பீஸின் படம். அது என்னைப் பார்த்துச் சிரித்த மாதிரி இருந்தது.

இந்த இடத்தில் ஒரு சின்ன விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் யாரும் டீ குடிப்பதில்லை. காப்பிதான்.

நாற்பது பாக்கெட்டையும் ஒரே மூச்சில் வாங்கினேன். ராவுத்தர் கண்ணாடியைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"தம்பி டீக்கடை வைக்கப் போறீயளா?"

"இல்லீங்க, ஊட்டுச் செலவுக்குத்தான்."

"பெரிய குடும்பமோ?"

"மூணு பேருங்க."

அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. நல்ல வியாபாரி.

கூப்பன் பாக்கெட்டின் அடியில் இருந்தது. அதனால் நாற்பதையும் பிரிக்க வேண்டியதாயிற்று. பத்து ராத்தல் தூளைக் கொட்டி வைக்கப் பாத்திரம் வேண்டுமே. எங்கள் பக்கத்தில் மண்ணெண்ணெய் டின்னுக்கு ஆயுள் அதிகம். எண்ணெய் தீர்ந்ததும் வாயை வெட்டி, சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்து, நாலு நாள் வெயிலில் காயவைத்தால் கடலைக்காய் போடலாம், ராகி போடலாம். நானும் ஒரு டின்னை அப்படியே தேய்த்தேன், காயவைத்தேன், தூளைக் கொட்டி மூடினேன். டின்னை மோந்துகூடப் பார்த்தேன். ஒரு வாடையும் இல்லை.

பெண் பார்க்க வருவது ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை நாற்பது கூப்பனையும் நூலில் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். ராவுத்தர் அவற்றைக் கையில் வாங்கவே இல்லை.

"டைம்பீஸ் தீந்து போச்சு தம்பி. கம்பெனிக்காரன் அனுப்பினதே ஆறுதான். இனி எப்ப வருமோ, படைச்சவனுக்குத்தான் தெரியும்."

பொய் சொல்வானேன், அழுகையே வந்துவிட்டது. என் முகத்தைப் பார்த்து அவருக்கும் மனசு கேட்கவில்லை.

"ஒரு காரியம் பண்ணலாம். டைம்பீஸ் இல்லேன்னா பதிலுக்கு வேற சாமான் கொடுக்கலாம்னு எழுதியிருக்கான்."

"என்ன சாமானுங்க?"

"எட்டுப் பாக்கெட் டீத்தூள்."

வாங்கிக்கொண்டுதான் வந்தேன். இலவசமாயிற்றே.

மறுநாள் பதினோரு மணி சுமாருக்குப் பொள்ளாச்சி பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். பையன், அவன் அப்பா, அம்மா. வானம் சுத்தமாக இருந்தது, வேப்பமரம் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. அம்மா காப்பிக்கு அடுப்பு மூட்டினாள். அங்கேதான் பெரிய மனிதனாக நான் தலையிட்டேன்.

"டீ ஃபாக்டரிக்காரருக்குப் போய்க் காப்பி குடுப்பாங்களா? டீ போடும்மா. ஒரு டின்னே இருக்குது."

சரசு டின்னைத் திறந்ததும் மூக்கைச் சுளித்தாள். "அண்ணா, என்னமோ மாதிரி இருக்குதுங்ணா."

"உனக்கென்ன தெரியும்? டீ வாசனை அப்படித்தான்," என்றேன், டீ குடிக்காத குடும்பத்தின் தலைவனாகிய நான்.

பையனின் அப்பா டம்ளரை வாங்கினார். முதலில் நிறத்தைப் பார்த்தார். பிறகு உறிஞ்சினார். அந்தச் சத்தம் மாட்டுக் கொட்டகை வரை கேட்டது. வாயில் வைத்து, இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு உருட்டினார். கண்ணை மூடினார். பிறகு நிதானமாக எழுந்து, வாசலுக்குப் போய், செம்பருத்திச் செடியடியில் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். பையனும் அவன் அம்மாவும் வாயருகே கொண்டுபோன டம்ளரைக் கீழே வைத்தார்கள். என் அம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை.

"மாப்பள, இந்தத் தூளு எதுல வெச்சிருந்தீங்க?" என்று என்னைக் கேட்டார்.

"சுத்தமா கழுவின டின்னுலதானுங்க மாமா."

"மண்ணெண்ண டின்னுங்களா?"

நான் தலையைக் குனிந்தேன்.

"ராகிக்கு ஆகும், டீத்தூளுக்கு ஆகாது. அது பக்கத்துல இருக்கிற வாசனையெல்லாம் உறிஞ்சிக்கும். ஃபாக்டரிக்குள்ள நாங்க தலைக்கு மணக்குற எண்ண வெச்சுட்டுக்கூடப் போறதில்ல." கைக்கடிகாரத்தைப் பார்த்தார். போன தடவை கடிகாரம் பார்த்தவர்கள் எழுந்துபோனது எனக்கு நினைவு வந்தது. "நல்ல நேரம் முடிய இன்னும் கால் மணி இருக்குது. நல்ல தூளு எதாச்சும் இருந்தா ஒரு வாய் குடிச்சுட்டுப் பேச்ச முடிக்கலாம். வெறும் வாயோட எப்படிப் பேசறது?"

சரசுதான் கதவருகே இருந்து சொன்னாள்.

"இருக்குதுங்க மாமா. எட்டுப் பாக்கெட் பிரிக்காம இருக்குது. டைம்பீஸ் இல்லேன்னு அண்ணனுக்குக் குடுத்தது."

"டைம்பீஸா?" என்றான் பையன். அவன் பேசிய முதல் வார்த்தை அது.

அவள் முழுக்கதையையும் சொல்லிவிட்டாள். நாற்பது பாக்கெட், கூப்பன், நூல்கட்டு, ராவுத்தர், ஒன்று விடவில்லை. பையன் துண்டை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினான். சரசு அங்கேயே ஒரு பாக்கெட்டைப் பிரித்தாள். கூப்பன் பறந்து தரையில் விழுந்தது. சபை நடுவே நான் குனிந்து அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். சத்தியமாக வேண்டுமென்று செய்யவில்லை, கை தானாகப் போய்விட்டது. அதைப் பார்த்த பிறகு அவன் அம்மாவும் சிரித்தாள்.

புது டீ வந்தது. மறுபடியும் அதே உறிஞ்சல், அதே உருட்டல், அதே கண் மூடல். அவர் எழுந்திருக்கிறாரா என்று நாங்கள் அத்தனை பேரும் அவர் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அம்மா என் காதில் சொன்னாள். "முழுங்கீட்டாருடா சாமி."

நல்ல நேரம் முடிவதற்குள் வெற்றிலை பாக்கு மாற்றியாயிற்று. பத்து ராத்தல் தூளையும் அம்மா தென்னை மரங்களின் அடியில் கொட்டினாள். கறையான் அந்தப் பக்கம் வெகுநாள் வரவில்லை. (இதையும் லாபக் கணக்கில் நான் சேர்த்தபோது அவள் துடைப்பத்தைத் தேடினாள்.)

கல்யாணத்தன்று மாமா என் கையில் ஒரு பெட்டியைக் கொடுத்தார். உள்ளே டைம்பீஸ். பெட்டியின் மேல் அவர் கையெழுத்தில், "முழு விலை கொடுத்து வாங்கியது" என்று எழுதியிருந்தது. இன்றும் என் தலைமாட்டில் அதுதான் ஓடுகிறது, பத்து நிமிஷம் தாமதமாக.

மூணாற்றில் என் பெயர் யாருக்கும் தெரியாது. நான் போனால் சரசு டீயை நீட்டுவாள். நான் விழுங்கும்வரை வீடே மூச்சு விடாமல் பார்க்கும். அவள் பிள்ளைகளுக்கு நான் கூப்பன் மாமா. போன மாதம் அவள் பேரனின் கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்தது. உறையின் மேல் "கூப்பன் மாமா, கொழிஞ்சாம்பாறை" என்று மட்டும்தான் இருந்தது. தபால்காரர் ஒரு வீட்டிலும் விசாரிக்காமல் நேரே எங்கள் வாசலுக்கு வந்து கொடுத்துவிட்டுப் போனார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். மாறாக, உறையில் ஒட்டியிருந்த தபால்தலையில் முத்திரை விழவில்லை என்பதைக் கவனித்தேன். தண்ணீரில் நனைத்து உரித்துக் காயவைத்திருக்கிறேன்.