என்ஜினுக்கு ஒரு வேண்டுதல்

செல்போனில் வீடியோ பார்த்துச் சமைக்கிறவனைக்கூட மன்னித்துவிடலாம். வீடியோ பார்த்து என்ஜின் மாற்றுகிறவனை வீட்டில் வைத்திருக்கவே கூடாது. நான் இரண்டாம் ரகம்.

மாமனார் செங்கம் பக்கத்து விவசாயி. தன் பைக்கை எனக்கு ஓட்டக் கொடுத்தபோது சொன்ன புத்திமதியில் பாதிகூடப் பெண்ணைக் கொடுத்தபோது சொல்லவில்லை. (பெண் பத்திரமாகத்தான் இருக்கிறாள்.) என் கைக்கு வந்த கொஞ்ச நாளில் வண்டி நீலப் புகை கக்கியது. ஊற்றிய ஆயில் எல்லாம் மாயமானது. கிக்கரை மிதித்தால் கால் தடையே இல்லாமல் கீழே போனது.

"என்ஜின் முடிஞ்சுபோச்சு" என்று டாக்டர் தோரணையில் மனைவி சுமதியிடம் அறிவித்தேன். பௌர்ணமிக்குக் கிரிவலம் வரும் மாமனார், அப்படியே வண்டியை ஊருக்கு எடுத்துப்போவதாகச் சொல்லியிருந்தார்.

பழைய இரும்புக் கடையில் அதே மாடல் என்ஜின் ஒன்றை வாங்கி, அடி அண்ணாமலையில் எங்கள் வாசலிலேயே உட்கார்ந்து மாட்டினேன். முடிந்தபோது பௌர்ணமி ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்.

"ஏங்க, நாலரைக்கு ராகு காலம் வந்துடும். அதுக்குள்ள எடுத்துடுங்க" என்றாள் சுமதி.

பதறியடித்துப் பொட்டு வைத்து, விளக்கேற்றி, பூசணிக்காய் உடைத்து, எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றிக் கிளம்பினேன். விளக்குக்கு எண்ணெய் ஊற்றினோம். என்ஜினுக்கு ஊற்றவில்லை.

கிரிவலப் பாதையில் கொஞ்ச தூரம் ஜோராக ஓடியது. பிறகு 'கறக்' என்று ஒரு சத்தம். என்ஜின் இறுகி நின்றுவிட்டது. அப்போதுதான் எனக்கு ஆயில் ஞாபகம் வந்தது. வீட்டுப் பக்கம் திருப்பினால் எதிரே ஜனக்கூட்டம்.

"எதிர்ல வரக்கூடாது சார், சுத்திக்கினு போங்க" என்றார் போலீஸ்காரர்.

நியூட்ரலில் போட்டுத் தள்ளினேன். தள்ளியதில் வேர்த்தது கம்மி, பயத்தில் வேர்த்ததுதான் ஜாஸ்தி. குபேர லிங்கம் தாண்டியதும் பின்னாலிருந்து மாமனாரின் குரல்.

"மாப்ள! இன்னாங்க, வண்டிய தள்ளிக்கினு போறீங்க?"

"அது... வேண்டுதல் மாமா." (எந்தச் சாமி இதை என் வாயில் போட்டதோ!)

மாமனாருக்குக் கண் கலங்கிவிட்டது. "என் வண்டிக்கா? பெத்த புள்ளகூட இத செய்ய மாட்டான்" என்று அவரும் ஒரு கை போட்டுத் தள்ளினார். எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் என் பெருமையைப் பேசிக்கொண்டே வந்தார்.

ராஜகோபுரத்தின் முன் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டார். "வேண்டுதல் முடிஞ்சுதில்ல? நவுருங்க, நான் எடுத்துக்கினு போறேன்" என்று கிக்கரை மிதித்தார். அசையவில்லை. குனிந்து என்ஜின் நம்பரைப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"மாப்ள, இது என் என்ஜினே இல்லியே?"

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. பஸ் ஏறிப் போய்விட்டார். திட்டியிருந்தால் தூங்கியிருப்பேன்.

இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் எது ரிப்பேரானாலும் சுமதி முதலில் அப்பாவுக்குத்தான் போன் போடுகிறாள். "மெக்கானிக்குலாம் எதுக்கும்மா? மாப்ளய அத தூக்கிக்கினு மலைய ஒரு சுத்து வரச் சொல்லு" என்கிறார் அவர். மிக்ஸி, மின்விசிறி வரைக்கும் நானும் சிரித்துச் சமாளித்துவிட்டேன். போன மாதம் ஃப்ரிட்ஜ் நின்றுபோனது. சுமதி வாசற்கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.