நிலாவரை விதை இனிமேல் அனுப்பாதே

இராஜபாளையம்
14.10.1991

அன்புள்ள தம்பி சாகுல் ஹமீதுக்கு அக்காள் நூர்னிசா எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே யாவரும் சுகம், விதைகளைத் தவிர. ஸ்ரீவில்லிபுத்தூரில் நீயும் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன். நீ சுகமாக இருந்தால்தானே நான் திட்ட முடியும்.

மதுரையில் மூலிகைப் பயிற்சி முடித்து வந்த கையோடு, "நிலாவரை போடுங்க மச்சான், வெளிநாட்டுக்காரன் வயிறு இளக அந்த இலையையும் காயையும்தான் குடிக்கான்" என்று உன் மச்சானை உசுப்பிவிட்டது நீதான். அவிய பேண்டேஜ் கம்பெனிச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, சோழபுரத்தில் குருசாமி அண்ணாச்சியின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார்கள். விதைத்தோம். நூற்றுக்கு நாலு முளைத்தது. அதையும் ஆடு மேய்ந்தது. "இன்னும் மூணு வெள்ளிக்குள்ள பச்சை தெரியலேன்னா நிலத்த விட்ருங்க, நான் பருத்தி போடுதேன்" என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார்.

உன்னைக் கேட்டால், விதைத்தோல் கெட்டி, மணலோடு லேசாகத் தேய்த்துக் கீறல் விழுந்தால் முளைக்கும் என்றாய். வீட்டு வேலைக்கு வரும் சுடலையம்மாளிடம் உரலில் போட்டுத் தேய்க்கச் சொன்னேன். மாவாக்கிக் கொண்டுவந்து, "சல்லடை தந்தா சலிச்சும் தாரேன்" என்கிறாள். அடுத்து, ஈரத்துணியில் கட்டிக் கதகதப்பில் வைக்கச் சொன்னாய். உன் மச்சான் பேண்டேஜ் துணியில் பொட்டலம் கட்டி, கதகதப்பு அங்கேதான் என்று கம்பெனிக்குக் கொண்டுபோனார்கள். அந்தத் துணியைக் கண்டால் அவிய கைக்குத் தெரிந்த வழி ஒன்றுதானே! மற்றக் கட்டுகளோடு நீராவிப் பெட்டிக்குள் தள்ளி, முத்திரையும் குத்திக் கொண்டுவந்தார்கள். "ஒரு கிருமி இருக்காது பாரு" என்று பெருமை வேறு. வெந்த விதையை விவசாயச் செலவில் எழுதுவதா, வைத்தியச் செலவில் எழுதுவதா? ஒவ்வொரு தடவையும் பிஸ்மி சொல்லித்தான் விதையை எடுத்துக் கொடுத்தேன். ஆகையால் குற்றம் என் பக்கம் இல்லை.

கடைசியாக, ஊறவைத்து விதைக்கச் சொன்னாய். காய்ந்த காய்தான் மிச்சம் இருந்தது. உடைக்கச் சோம்பல்பட்டு, அவிய காயோடு மண்பானையில் போட்டுத் தண்ணீர் ஊற்றி வாசலில் வைத்தார்கள். வெள்ளிக்கிழமை அவிய ஜும்மாவுக்குப் போன நேரம், குருசாமி அண்ணாச்சி நிலத்தைக் கேட்டு வெயிலில் சைக்கிள் மிதித்து வந்தார். நான் மோர் எடுத்து வருவதற்குள் பானையில் மொண்டு இரண்டு சொம்பு குடித்துவிட்டார்.

"என்ன தாயி, சீரகத் தண்ணியா? செத்த கசக்குதே."

"ஐயோ அண்ணாச்சி, அது..." என்பதற்குள் மூன்றாவது சொம்பு.

மறுநாள் காலை அவர் வீட்டுக்காரி பெத்தம்மாள் வந்து நின்றாள். "எங்க வீட்டு மனுசனுக்கு என்னத்தக் குடுத்தீக? நேத்து ராத்திரியில இருந்து ஓடையிலயே குடியிருக்காவ!"

நிலமும் போச்சு, பழக்கமும் போச்சு. ஆகவே நீ இனி யோசனை சொல்ல வேண்டாம். உன்னிடம் மிச்சம் இருக்கும் காயை அடுப்பில் போட்டு எரித்துவிடு.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் குறைந்த பேச்சும் தருவானாக.

உன் அக்காள்
நூர்னிசா

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது குருசாமி அண்ணாச்சியே வந்துவிட்டார். பயந்து கதவுக்குப் பின்னால் நின்றேன். ஆளுக்குப் பத்து வயது குறைந்தாற்போல முகம். "எட்டு வருசமா இறுகிக் கெடந்த வயிறு, எந்த வைத்தியனாலயும் ஆகல தாயி. பருத்தி கெடக்கட்டும் களுத, நிலம் உங்ககிட்டயே இருக்கட்டும். வாரம் ரெண்டு சொம்பு மட்டும் தந்துருங்க" என்றார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, "முளைச்சிட்டா ஊறப்போடுறத நிப்பாட்டிருவீகளோ?" என்று கவலைப்பட்டார். ஆகையால் தம்பி, எரிக்க வேண்டாம். நாளைக்கே இரண்டு படி கொடுத்து அனுப்பு. முளைக்காததாகப் பார்த்து அனுப்பு.