பிள்ளை இல்லாத பெற்றோர் சங்கத் தலைவர்

தகுதியே இல்லாமல் பதவிக்கு வந்தவர்களை நாடு நிறையப் பார்த்திருக்கிறது. ஆனால் பெரட்டுக் கங்காணியைப் போல அப்பழுக்கில்லாமல் தகுதியற்ற ஒருவரை நான் கண்டதில்லை. கல்யாணம் ஆகாதவர். பிள்ளைகுட்டி கிடையாது. அப்பா அம்மா வைத்த பெயர்கூட யாருக்கும் நினைவில்லை. மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியதில்லை. அவர்தான் எங்கள் பாடசாலைப் பெற்றோர் சங்கத்தின் தலைவர்.

தொண்ணூறுகளின் நடுவில், கொத்மலைக்கு மேலே, மேகம் செருப்பு போடாமல் நடமாடும் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு நான் புது ஆசிரியனாகப் போய்ச் சேர்ந்தேன். தோட்டத்தில் விடிகாலையில் தொழிலாளர்களை நிறுத்தி, பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவதற்குப் பெரட்டு என்று பெயர். முழுநாள் வேலை செய்தால் செக்ரோல் என்ற சம்பள ஏட்டில் ஒரு முழுப்பேர் விழும். பாதி நாளென்றால் அரைப்பேர். நாற்பது வருடம் பெரட்டு எடுத்த கங்காணி அப்போதுதான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். பெரட்டு அவரிடமிருந்து ஓய்வு பெறவில்லை.

நாலு பேர் சேர்ந்து நின்றால் போதும், கூப்பிட ஆரம்பித்துவிடுவார். கல்யாண வீட்டில் பெண்ணழைப்புக்கு முன் ஒரு பெரட்டு. தேர் நகரும் முன் ஒரு பெரட்டு. நாவலப்பிட்டி பஸ்ஸில் ஏறினால், எல்லோரும் பதில் சொல்லும்வரை வண்டியை எடுக்க விடமாட்டார். பெயர் தெரியாதவர்களை “மீசை!”, “சிவப்புக் குடை!” என்று கூப்பிடுவார். மூன்று மூட்டை முட்டைக்கோவாவோடு முன்சீட்டில் இருந்த ஒரு சிங்கள முதலாளி, என்ன ஏதென்று புரியாமல் எழுந்து கைகட்டி நின்றதை நான் பார்த்தேன்.

உச்சம், மாரிமுத்துவின் சாவுவீடு. வந்தவர்களை எல்லாம் கூப்பிட்டு முடித்தவர், வாய் போன வேகத்தில் “மாரிமுத்து!” என்றும் கூப்பிட்டுவிட்டார். கங்காணி பதிலுக்காகக் கொஞ்சம் காத்திருந்தார். பிறகு பெருமூச்சு விட்டார்.

“பாதி நாளாச்சும் நின்னு பாத்துட்டுத்தானே போயிருக்கான். அரைப்பேர் போடுங்கப்பா.”

ஒப்பாரியின் நடுவே மாரிமுத்துவின் பெண்சாதி களுக்கென்று சிரித்துவிட்டு, சிரிக்க வைத்ததற்காக அவரை வாய்க்கு வந்தபடி திட்டினாள்.

எங்கள் பள்ளிக்கூடம் ஒரே மண்டபம். அதற்குள் ஐந்து வகுப்பு. மூன்றாம் வகுப்பின் வாய்ப்பாடு ஐந்தாம் வகுப்பின் சங்க காலத்துக்குள் புகுந்துவிடும். மழை எப்படி உண்டாகிறது என்று நான் நாலாம் வகுப்புக்குச் சொல்லிக்கொண்டிருப்பேன். கூரை அதைச் செய்து காட்டும்.

அந்த நேரத்தில்தான் கொழும்பிலிருந்து சுற்றறிக்கை வந்தது. வசதி குறைந்த தோட்டப் பாடசாலைகளுக்கு அரசாங்கமே கட்டடம் கட்டித் தரும். ஒரே ஒரு நிபந்தனை: பெற்றோரின் ஈடுபாடு வேண்டும். கூட்டத்துக்குப் பாதிக் குடும்பமாவது வந்திருக்க வேண்டும். அதிகாரி நேரில் வந்து பார்ப்பார். இல்லாவிட்டால் கட்டடம் ஆற்றுக்கு அந்தப்பக்கத் தோட்டத்துக்குப் போய்விடும்.

முதல் கூட்டத்தைக் காலை பத்து மணிக்கு வைத்தோம். மூன்று பேர் வந்தார்கள். அதில் செல்லம்மாக்கா ஆட்டைத் தேடி வந்தவர்.

எங்கள் தலைமை ஆசிரியர், பெரிய சேர், யாழ்ப்பாணத்துக்காரர். தலையில் கைவைத்தார். “என்ன தம்பி, ஒருத்தரையும் காணேல்லை. இதுகளுக்குப் பிள்ளையளில அக்கறை இல்லைப் போல கிடக்கு.”

ஜன்னலுக்கு வெளியே நின்று தலைகளை எண்ணிக்கொண்டிருந்த கங்காணி எட்டிப் பார்த்தார். “அக்கறை இருக்குங்க பெரிய சேர். மலையில கொழுந்து பறிச்சிக்கிட்டு இருக்கு. பத்து மணிக்குக் கூப்பிட்டா அரைப்பேர் போயிருமுல்ல, எப்புடிங்க வரும்?”

“அப்ப நீரே கூப்பிட்டுப் பாருமன்!”

“கூப்பிடலாம். கூப்பிடுறவனுக்கு ஒரு பதவி வேணுமுங்களே?”

அப்படித்தான் அவர் தலைவரானார். செல்லம்மாக்கா வழிமொழிந்தார். மேசைக்கு அடியில் அகப்பட்ட ஆடு மட்டும் எதிர்ப்புத் தெரிவித்தது.

“உங்களுக்கு இதில் என்ன கங்காணி?” என்று அன்று கேட்டேன். வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறுகன்னத்துக்கு மாற்றினார்.

“பத்து வயசுல எங்கப்பா என்னையப் பேர் பதிய இங்க கூட்டியாந்தாரு சேர். அன்னைக்குப் பாத்து வாத்தியார் வரல. மறுநாள் தோட்டத்துச் செக்ரோல்ல எழுதிட்டாங்க. அதுல ஏறுன பேரு, கெழவனானப்புறந்தான் எறங்குச்சு.”

அதிகாரி வரும் நாள் வந்தது. தோட்ட நிர்வாகியான துரை யாருக்கும் லீவு தரவில்லை. மலை முழுக்கக் கொழுந்து துளிர்த்துக் கிடந்த காலம். பத்து மணிக்கு ஜீப் சத்தம் கேட்டபோது மண்டபத்தில் பிள்ளைகள்கூட இல்லை, விளையாட்டுத் திடலில் அணிவகுத்து நின்றார்கள். கங்காணி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வந்த அதிகாரி ஒரு சிங்களப் பெண்மணி; தோட்டத்தில் நோனா என்போம். வாசலை நெருங்கும்போதே உள்ளேயிருந்து சத்தம்.

“சரோஜா!”

“வந்திருக்கேங்க!” கீச்சுக்குரல்.

“ராமாயி!”

இருமல். “இருக்கேன்யா.”

“செல்லம்மா!”

“மே...”

“ஷா, ஹரி ஹொந்தய்!” பலே, ரொம்ப நல்லது என்று நோனா முகம் மலர்ந்து கதவைத் தள்ளினார்.

உள்ளே, தலையில் துண்டை முக்காடு போட்டபடி பெரட்டுக் கங்காணி. பக்கத்தில் ஆடு. அந்த ‘மே’ மட்டும் ஒரிஜினல்.

“கோ அம்மலா?” என்றார் நோனா. அம்மாக்கள் எங்கே?

கங்காணி முக்காட்டை இறக்கினார். “கந்தே, நோனா.” மலையில்.

பெரிய சேர் கிடைத்த வாங்கில் பொத்தென்று உட்கார்ந்தார். கட்டடம் எழுந்து ஆற்றைக் கடந்து போவதை நான் கண்ணால் பார்த்தேன்.

“பன்னெண்டு மணி வரைக்கும் இருங்க நோனா. ஒரு பிளேன்டி குடிங்க” என்றார் கங்காணி. நான் அதைச் சிங்களத்தில் சொன்னேன். நோனாவுக்குச் சிரிப்பை அடக்க எங்காவது உட்கார வேண்டியிருந்தது. உட்கார்ந்தார்.

பன்னிரண்டு மணி கொழுந்து நிறுக்கும் நேரம். கங்காணி நேரே கீழே, நிறுவைக் கொட்டகையான மடுவத்துக்குப் போனார். அங்கே தொங்கிய தராசைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு மேலே ஏறினார். பின்னால் கணக்கப்பிள்ளை மூச்சிரைக்க ஓடி வந்தார்.

“யோவ் பெரட்டு! தராசை எங்கய்யா தூக்கிட்டுப் போற?”

“மழை வருதுங்க. கொழுந்து நனைஞ்சிரும்.”

வானத்தில் மருந்துக்கும் மேகமில்லை. தராசைப் பள்ளிக்கூட உத்தரத்தில் மாட்டிவிட்டு, தப்பு மேளத்தை எடுத்து அடித்தார் பாருங்கள், மலை அப்படியே இறங்கி வந்தது. தராசு இருக்கும் இடத்துக்குக் கொழுந்து வரும். கொழுந்து வந்தால் அம்மாக்களும் வந்தாக வேண்டும். முதுகில் கூடையும் முகத்தில் குழப்பமுமாக மண்டபம் நிறைந்தது. பச்சை வாசனை கரும்பலகைவரை ஏறியது. திடலில் இருந்த பிள்ளைகள் ஓடிவந்து அவரவர் அம்மாவைக் கட்டிக்கொண்டன.

கூட்டம் வரிசையிலேயே நடந்தது. கூடை தராசுக்குப் போகும்; அம்மா நோனாவிடம் போவாள்; நான் பிள்ளையின் கொப்பியைக் காட்டி மொழிபெயர்ப்பேன்.

“இது எம்புள்ள எழுதுனதா சேர்?” என்று ராமாயி கொப்பியைத் தடவினாள். “எழுத்து நல்லாத்தான் இருக்கு. வீட்டுல பேசுற பேச்சுத்தான் சரியில்ல.”

பாதிக் குடும்பம் என்ன, முழுத்தோட்டமே வந்தாயிற்று. செல்லம்மாக்காவின் கொழுந்து தராசில் ஏறியபோதுதான் உத்தரம் ‘மடக்’கென்றது. தராசு கீழே. அதன் மேல் இரண்டு தகரம். அதன் மேல் முப்பது வருடத் தூசு. நல்லவேளை, எல்லாம் கொழுந்துக் குவியலில் மெத்தென்று விழுந்தது. ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. தலைக்கு மேலே சதுரமாக ஒரு நீல வானம், எங்களைக் குனிந்து பார்த்தது.

தூசிக்குள்ளிருந்து குரல் வந்தது. “ஆளு எல்லாம் சரியா இருக்குங்க நோனா. கூரைதான் வரல.”

நான் அதைச் சிங்களத்தில் சொன்னதும் நோனா அடக்கி வைத்த சிரிப்பு வெடித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அங்கேயே நின்று அறிக்கை எழுதினார்: கட்டடம் அவசரம், இனிமேல் பெற்றோர் கூட்டம் கொழுந்து நிறுக்கும் நேரத்தில், நிறுக்கும் இடத்தில்.

அடுத்த வருடம் கட்டடம் எழுந்தது. ஐந்து வகுப்புக்கும் ஐந்து அறை. ஒரு வகுப்பின் வாய்ப்பாடு இன்னொன்றுக்குள் போகாமல் சுவர். திறப்பு விழாவில் கங்காணி எல்லாக் குடும்பத்தையும் கூப்பிட்டு முடித்தார். நான் பிள்ளைகளின் வரவுப் பதிவேடான புது இடாப்பைத் திறந்தேன். கணக்கப்பிள்ளையைக் கெஞ்சிப் பழைய செக்ரோலில் தேடிப்பிடித்த ஒரு பெயரை முந்தின நாளே அதன் கடைசி வரியில் எழுதியிருந்தேன். அதைக் கூப்பிட்டேன்.

பதில் இல்லை. கங்காணி கோபமாகச் சுற்றிப் பார்த்தார். “யாருப்பா அது? கூப்பிட்டா வாயத் தொறக்கணுமுல்ல?”

மறுபடியும் கூப்பிட்டேன். இந்த முறை அவர் வெற்றிலை மெல்லுவது நின்றது. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, முதலாம் வகுப்பு வரிசையின் கடைசியில் போய் நின்றார்.

“இருக்கேன் சேர்.” பிறகு மெதுவாக, “இம்புட்டு நேரங்கழிச்சு வந்திருக்கேன். அரைப்பேர்தானே போடுவீங்க?”

பேனாவைத் திறந்தேன். அந்த இடாப்பு இன்னும் அங்கே அலமாரியில்தான் இருக்கிறது, யாரும் எடுத்துப் பார்க்கலாம். முழுப்பேர்தான் போட்டிருக்கிறேன்.